மூடுபனியில் ஒரு விமானியின் கையில் இருக்கும் வழிகள்: எதற்கு என்ன விலை?

2020 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. பனி மூடிக் கிடந்ததால் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை அன்று காலை தன் ஹெலிகாப்டர்களைக் கிளப்பவே இல்லை. அதே காலையில் 9 மணி தாண்டிச் சில நிமிடங்களில், நகரத்துக்குத் தெற்கே இருக்கும் ஜான் வேய்ன் விமான நிலையத்திலிருந்து ஒரு சிகார்ஸ்கி எஸ்-76பி ஹெலிகாப்டர் புறப்பட்டது. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவருடைய 13 வயது மகள் ஜியானா, இன்னும் ஆறு பயணிகள், ஒரு விமானி. பிள்ளைகளின் கூடைப்பந்து ஆட்டத்துக்காக வடமேற்கே கமரில்லோ போக வேண்டும். 9:45 அளவில் கலபாசஸ் என்ற இடத்தில் ஹெலிகாப்டர் மலைச்சரிவில் மோதியது. ஒன்பது பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

"ஏன்தான் அந்தப் பனிக்குள்ள போனாரோ" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓராண்டு விசாரித்து 2021 பிப்ரவரியில் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. நான் விமானி இல்லை, விபத்து அறிக்கைகளை விடாமல் படிக்கிறவன். எனக்கு அந்தக் கேள்வியைவிட வேறொன்று உறுத்துகிறது. அந்த 39 நிமிடத்தில் அவர் கையில் என்னென்ன வழிகள் இருந்தன? ஒவ்வொன்றுக்கும் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது? விலை என்றால் பணம் மட்டும் இல்லை. வெட்கம், விளக்கம் சொல்ல வேண்டிய தொல்லை, காக்க வைக்கப்பட்டவர்களின் முகம், எல்லாமே அதில் சேரும்.

முதல் வழி, கிளம்பாமல் இருப்பது. விலை மிகக் குறைவு. ஞாயிறு காலை என்பதால் காரில் போயிருந்தால் சுமார் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் இதை விபத்துக்குப் பிறகு சொல்வது சுலபம். புறப்பட்ட இடத்தில் வானிலை சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருந்தது. முந்தைய நாளும் இதே விமானி இதே ஆளை இதே கமரில்லோவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். விமானி ஆரா ஸோபயானுக்கு 8,500 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியும் உண்டு, அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதியும் உண்டு. அப்படிப்பட்டவர் "இன்று வேண்டாம்" என்று சொல்வதற்கு அந்த நேரத்தில் வெளியே வலுவான காரணம் ஒன்றும் தெரிந்திருக்காது.

இங்கே ஒரு சின்னத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஹெலிகாப்டரை இயக்கிய நிறுவனத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஆபத்தைக் கணக்கிடும் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். புறப்படுவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு அவர் நிரப்பினார், ஆபத்து குறைவு என்று வந்தது. அதன் பிறகு வந்த வானிலைத் தகவலை வைத்து மறுபடி நிரப்பியிருந்தால், மேலதிகாரியிடம் பேசியிருக்க வேண்டும், மாற்றுத் திட்டம் ஒன்றையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மேலதிகாரியிடம் பேசுவதைவிட அந்த இரண்டாவது வேலைதான் முக்கியம் என்பது என் எண்ணம். தரையில் உட்கார்ந்து "கமரில்லோ முடியாவிட்டால் வழியில் இருக்கும் வான் நைஸ் விமான நிலையம்" என்று தன் கையால் எழுதிவிட்டுப் போகிறவருக்கு, வான் நைஸில் இறங்குவது தோல்வியாகத் தெரியாது. திட்டத்தின் இன்னொரு பாதியாகத்தான் தெரியும். எழுதாமல் போனவருக்கு அது வழியாகவே கண்ணில் படாது.

இரண்டாவது வழி, நடுவில் எங்காவது இறங்கிவிடுவது. ஹெலிகாப்டர் வடக்கே வந்து கிளெண்டேல் பக்கம் வட்டமடித்துக் காத்திருந்தது. பர்பாங்க் விமான நிலையத்தின் எல்லைக்குள் நுழையச் சிறப்பு அனுமதி வேண்டும், வேறு விமானங்கள் வரிசையில் இருந்தன. பத்து நிமிடத்துக்கு மேல் அந்தச் சுற்று. பர்பாங்கிலும் அடுத்திருந்த வான் நைஸிலும் மேகத்தின் அடிவயிறு தரையிலிருந்து 1,100 அடியில், பார்வைத்தூரம் இரண்டரை மைல். வழக்கமான விதிப்படி இது போதாது, சிறப்பு அனுமதியில் பறக்கலாம். இரண்டு ஓடுபாதைகளும் திறந்துதான் இருந்தன. இரண்டில் எதில் இறங்கியிருந்தாலும் ஒரு கார் வரவழைத்து மீதித் தூரத்தை நெடுஞ்சாலையில் முடித்திருக்கலாம்.

காத்திருந்த அந்த நேரம் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டவுன் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்ற பிறகு ஆட்டோ பிடிக்க மனசு வருமா? "இவ்வளவு நேரம் நின்னாச்சு, இன்னும் கொஞ்சம்" என்றுதான் தோன்றும். காத்திருந்து வாங்கிய அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு "வேண்டாம், இங்கேயே இறங்கிவிடுகிறேன்" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? வாரியத்தின் அறிக்கை இதைத் திட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் மனச்சாய்வு என்கிறது. இலக்கு நெருங்க நெருங்க இந்தச் சாய்வு கூடும். பயணிகளோ நிறுவனமோ விமானியை நெருக்கியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. அவர் மேல் இருந்த அழுத்தம் அவரே ஏற்றிக்கொண்டது.

மூன்றாவது வழி, திரும்பிவிடுவது. வான் நைஸைத் தாண்டியதும் ஹெலிகாப்டர் 101 நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனது. மேலே மேகம் சமமான கூரைபோல நிற்கிறது. கீழே தரை மெல்ல மேடேறுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. இதை நம் மலைப்பாதைகளில் போனவர்கள் உடம்பாலேயே அறிவார்கள். கோத்தகிரியிலிருந்து ஒரு டிசம்பர் மாலை இறங்கிய பஸ்ஸில், ஒரு வளைவில் முன்கண்ணாடி அப்படியே வெள்ளையாகிவிட்டது. ஓட்டுநர் பக்கவாட்டு ஜன்னலில் தலையை நீட்டி, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடை வேகத்தில் ஓட்டினார். இரண்டு வளைவு தாண்டியதும் ஒரு டீக்கடை ஓரமாக ஒதுக்கி, என்ஜினை அணைத்துவிட்டார். "அண்ணே, நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்கணும்" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கி டீ சொல்லப் போய்விட்டார்.

பஸ் நடை வேகத்தில் போகும். கலபாசஸ் ஹெலிகாப்டர் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இரண்டரை மைல் என்றால் நான்கு கிலோமீட்டர். அந்த வேகத்தில் கண்ணுக்குத் தெரிகிற கடைசி மரம் ஒரு நிமிடத்தில் காலடிக்கு வந்துவிடும். திரும்ப நினைக்கிறவருக்கு வளைய இடம் வேண்டும், திரும்பிப் பார்க்கும் பக்கமும் இன்னும் திறந்திருக்க வேண்டும். மேகத்துக்குள் நுழைந்த பிறகு திரும்புவது வேறு கதை.

அந்த வேறு கதையை 1954ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளை வைத்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை பொனான்சா என்ற சிறு விமானத்தில் உட்கார வைத்து, வெளியே எதுவும் தெரியாதபடி செய்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சிலர் 20 வினாடியில், சிலர் எட்டு நிமிடத்தில். சராசரி 178 வினாடி. இந்த 178 உலகம் முழுக்கப் பறக்கும் பள்ளிகளில் பயமுறுத்தப் பயன்படும் எண். ஆனால் சோதனையின் மறுபாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. அதே ஆட்களுக்கு எளிய முறை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள்: சக்கரத்தை இறக்கு, வேகத்தைக் குறை, கைப்பிடியிலிருந்து கையை எடு, காலால் மட்டும் மெதுவாகத் திருப்பு. பிறகு 60 முறை சோதித்ததில் 59 முறை அவர்கள் 180 பாகை திரும்பி, வந்த வழியே வெளியே வந்தார்கள். முதலில் தோற்ற அதே கைகள்தான். திரும்புவது என்ற ஒரே காரியத்தைத் தனியாகப் பழகியதும் முடிந்தது. சிறு விமானங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஹெலிகாப்டருக்கு இருக்கும் அடுத்த வழி அவற்றுக்கு இல்லை.

அந்த வழி, கண்ட இடத்தில் இறங்குவது. விமானத்தை நிறுத்த முடியாது, ஹெலிகாப்டரை முடியும். பள்ளி மைதானம், காலியான வண்டி நிறுத்துமிடம், வயல், எது கிடைத்தாலும் போதும். 101 நெடுஞ்சாலையை ஒட்டி அப்படிப்பட்ட இடங்கள் இல்லாமல் இல்லை. இத்தனைக்கும் உலகம் முழுக்க ஹெலிகாப்டர் விமானிகள் அதிகம் தயங்குவது இந்த வழியில்தான். மைதானத்தில் இறங்கினால் போலீஸ் வரும், அக்கம்பக்கத்துக்காரர்கள் ஃபோனைத் தூக்குவார்கள், உள்ளே கோபி பிரையன்ட் உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடத்தில் உலகச் செய்தி. மறுநாள் அலுவலகத்தில் விளக்கம் கேட்பார்கள். சர்வதேச ஹெலிகாப்டர் சங்கம் இதற்காகவே "இறங்கு, உயிரோடு இரு" என்று ஒரு பிரசாரமே நடத்தியது. எத்தனையோ விபத்துகளில் கடைசி சில நிமிடங்கள் வரை ஹெலிகாப்டரில் ஒரு கோளாறும் இருந்ததில்லை, இறங்கியிருந்தால் போதும் என்பதுதான் அந்தப் பிரசாரத்தின் சாரம்.

அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்கள் இந்தத் தயக்கத்தை உடைக்க ஒரு எண்ணைக் கண்டுபிடித்தார்கள். வழக்கமான வேகத்திலிருந்து 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) குறைக்க வேண்டி வந்தாலோ, முன்கூட்டியே வகுத்த உயரத்துக்குக் கீழே இறங்க வேண்டி வந்தாலோ, அதுதான் முடிவெடுக்கும் புள்ளி. அதற்கு மேல் முன்னே போகக் கூடாது. திரும்பு, இறங்கு, அல்லது முறையாகக் கருவிப் பறத்தலுக்கு மாறு. இதில் எனக்குப் பிடித்தது, அது வானிலையைப் பார்க்கவே சொல்வதில்லை என்பது. "பனி எவ்வளவு அடர்த்தி" என்று பார்த்தால் மனம் தனக்குச் சாதகமாகவே பதில் சொல்லும். "என் கை ஏன் வேகத்தைக் குறைக்கிறது" என்று பார்த்தால் பொய் சொல்ல முடியாது. பயந்தது கைக்குத்தான் முதலில் தெரியும்.

இனி, மேலே ஏறுவது. பார்வைக்கு இதுதான் இருப்பதிலேயே புத்திசாலித்தனமான வழி. மேகத்துக்கு மேலே வெயில் அடிக்கிறது, மலை எல்லாம் கீழே போய்விடும். கலபாசஸ் விமானி எடுத்ததும் இதைத்தான். 4,000 அடிக்கு ஏறுகிறேன் என்று ரேடியோவில் சொன்னார். ஏறக்குறைய 2,400 அடி வரை போனார். மேகத்தின் மேல் விளிம்பும் கிட்டத்தட்ட அங்கேதான் இருந்தது, நூறடி அளவே பாக்கி. அங்கே ஹெலிகாப்டர் இடப்பக்கம் வளைந்து, வளைவு இறுகி, நிமிடத்துக்கு 4,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கத் தொடங்கியது. ஏறிக்கொண்டிருப்பதாக அவர் சொன்ன கடைசித் தகவல் வந்தபோது ஹெலிகாப்டர் உண்மையில் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் அடுத்துக் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய காது பொய் சொன்னது. ரங்கராட்டினத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளையைக் கேளுங்கள். கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் சுற்றினால் சுற்றுவதே தெரியாது, நிறுத்தும்போது எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல் இருக்கும். உள்காதில் இருக்கும் திரவம் வேகம் மாறுவதை மட்டும்தான் உணரும். மேகத்துக்குள் மெதுவாகச் சாய்ந்தால் அதற்குத் தெரியாது. அத்துடன் வேகமாக மேலேறும்போது முதுகு இருக்கையில் அழுந்துகிற அழுத்தமும் சேர்ந்தால், உடம்பு ஒன்று சொல்லும், முன்னால் இருக்கும் கருவி வேறொன்று சொல்லும். எட்டாயிரம் மணி நேரம் பறந்தவரின் காதும் எட்டு மணி நேரம் பறந்தவரின் காதும் ஒன்றுதான்.

ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மேகத்துக்குள் மாட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், நேராக வைத்துக்கொண்டு, வளைக்காமல், தானியங்கியை (ஆட்டோபைலட்டை) இயக்கி ஏற வேண்டும், மேகத்துக்குள் இருக்கிறேன் என்று கட்டுப்பாட்டாளரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த ஹெலிகாப்டரில் தானியங்கி இருந்தது. ஆனால் நுழைந்த வேகம் அதிகம், ஏறிய வேகமும் அதிகம் என்று வாரியம் கண்டது. இன்னொரு சிக்கல், அந்த நிறுவனத்துக்குக் கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே அனுமதி. விமானிக்குத் தகுதி இருந்தாலும் வேலையில் அவர் மேகத்துக்குள் போவதே கிடையாது. நீச்சல் சான்றிதழ் வாங்கிப் பத்து வருடமாகக் குளத்துப் பக்கம் போகாதவரைக் கிணற்றில் தள்ளியதுபோல. போதாததற்கு, "மேகத்துக்குள் இருக்கிறேன்" என்று ரேடியோவில் சொன்னால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். ஆகவே என் கணக்கில், ஏறுவது திட்டமிட்டுப் போகிறவனுக்கு நல்ல வழி, தப்பிக்கப் பார்க்கிறவனுக்கு மோசமான வழி. பாதி மனசோடு ஏறுவது எல்லாவற்றையும்விட மோசம்.

மேகத்துக்கு அடியில் இன்னும் தாழ்ந்து சாலையைத் தொடர்வது ஒன்று மிச்சம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மின்கம்பி, செல்ஃபோன் கோபுரம், மலை. அடுத்தது.

குன்னூரில் 2021 டிசம்பர் 8ல் நடந்ததை இந்த வழிகளோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் பயணித்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போகும் வழியில் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்தது. உயிர் தப்பி மருத்துவமனையில் இருந்த வருண் சிங்கும் சில நாள்களில் இறந்ததால் பலியானவர்கள் 14 பேர். இயந்திரக் கோளாறோ நாசவேலையோ அலட்சியமோ இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் நுழைந்ததால் விமானி திசையுணர்வு இழந்தார் என்றது முப்படை விசாரணை. ஹெலிகாப்டர் பனிக்குள் போய் மறைவதை ரயில் தண்டவாளத்தில் நின்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்த அந்தச் சில வினாடி வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கலபாசஸில் இருந்த வழிகள் அத்தனையும் அங்கே இருக்கவில்லை. பின்னால் 12 மைலில் ஒரு ஓடுபாதை, பக்கத்தில் பள்ளி மைதானம் என்றெல்லாம் கிடையாது, தேயிலைச் சரிவும் சோலையும்தான். வளையவும் பள்ளத்தாக்குச் சுவர் இடம் கொடுக்க வேண்டும். மலையில் வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் வேகம் சமவெளியைவிட அதிகம். அதனால் அங்கே பள்ளத்தாக்கின் வாயிலிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

பெரிய விமானங்களில் இந்தத் தலைவலியின் பெரும்பகுதியை எண்களே எடுத்துக்கொள்கின்றன. டெல்லியில் ஓடுபாதைப் பார்வைத்தூரம் 50 மீட்டருக்கு வந்தாலும், அதற்கான கருவியும் பயிற்சியும் இருந்தால் இறங்கலாம். இல்லாவிட்டால் ஜெய்ப்பூருக்கோ வேறெங்கோ திருப்ப வேண்டியதுதான். போகிப் புகையில் சென்னை மூழ்கும் காலையில் உங்கள் விமானம் பெங்களூரில் போய் இறங்கினால் விமானியைத் திட்டாதீர்கள், அவர் எண்ணுக்குக் கட்டுப்பட்டவர். எண்ணை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஏப்ரல் 10ல் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் சாட்சி. போலந்து அதிபர் லேக் கச்சின்ஸ்கி உட்பட 96 பேரோடு வந்த து-154 விமானம், இறங்கும் நிலைமை இல்லை என்று தரையிலிருந்து சொன்ன பிறகும் மூடுபனிக்குள் தாழ்ந்து வந்து மரங்களில் மோதியது. மின்ஸ்க் போயிருக்கலாம். ஆனால் அதிபரின் நிகழ்ச்சி ஸ்மோலென்ஸ்க் அருகே காத்யினில் அல்லவா?

ஆகவே என் வரிசை இது. ஹெலிகாப்டர் என்றால் இறங்குவது முதலில், திரும்புவது அடுத்து, ஏறுவது அதற்கும் பிறகு. சிறு விமானம் என்றால், தகுதியோடு அண்மைப் பழக்கமும் இருந்து, முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தாலொழிய, திரும்புவது ஒன்றே வழி. பெரிய விமானம் என்றால் எண் சொன்னபடி. எங்கும் பொருந்துவது, மாற்று இடத்தைத் தரையிலேயே எழுதி வைப்பது.

கேதார்நாத் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பள்ளத்தாக்கில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் ஒற்றை என்ஜின், ஒற்றை விமானி, கண்ணால் பார்த்துப் பறக்கும் ஹெலிகாப்டர்கள். 2022 அக்டோபர் 18ல் அங்கே மோசமான பார்வைத்தூரத்தில் ஒன்று விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், மூவர் தமிழ்நாட்டு யாத்ரிகர்கள். 2025 ஜூன் 15ல் மறுபடி ஏழு பேர். அங்கே விமானிக்கு இருக்கும் நெருக்கடியில் உங்கள் பங்கும் உண்டு. மாலையே ரிஷிகேஷ் போய் ரயில் பிடிக்க வேண்டும் என்று ஹெலிபேடில் நின்று குரல் உயர்த்துகிறவர்களைத்தான் அவர் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். குப்தகாசியில் ஒரு ராத்திரிக்குக் கூடுதலாக அறை சொல்லி வையுங்கள். "இன்னைக்குப் பறக்காது" என்று கவுண்டரில் சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பலாம்.